திருப்பூரிலிருந்து ஸ்பிதிக்கு எம்டிபி சைக்கிள் பயணம்: ஆளுக்கு 35,000 ரூபாய் போதுமா?

கேள்வி சுருக்கமாக: திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள். நால்வரிடமும் 29 அங்குலச் சக்கரம், முன் ஷாக், டிஸ்க் பிரேக் உள்ள எம்டிபி, அதாவது மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் இருக்கிறது. மலையும் பாலைவனமும் சேர்ந்த இடத்தில் ஓட்ட வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியா, ராஜஸ்தானின் ஜெய்சல்மேரா? தீபாவளி லீவில் போகலாமா? ஆளுக்கு 35,000 ரூபாய் போதுமா?

போதாதுங்க. ஆளுக்கு 41,600 ரூபாய் செலவு, அதற்கு மேல் 5,000 ரூபாய் தொடாமல் வைக்கும் பணம் என்று திட்டமிடுங்கள். ஒன்றும் கெடாமல் திரும்பினால் அந்த ஐயாயிரம் அப்படியே வீட்டுக்கு வரும். இறுக்கிப் பிடித்தால் 36,000 வரை இறக்கலாம். எதில் இறக்கலாம், எதில் இறக்கவே கூடாது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தப்புக் கணக்குப் போடுகின்றன. ரயிலில் ஏசி, நல்ல ஜாக்கெட் என்று செலவழித்துவிட்டு, நானூறு ரூபாய் உதிரி பாகத்தையும் இரண்டு நாள் அவகாசத்தையும் வெட்டிவிடுகிறார்கள். அந்தச் சின்னப் பாகம் அங்கே உடைந்தால் ஜீப் பிடிக்கப் பத்தாயிரம் போகும்.

முதலில் இடமும் காலமும். ஜெய்சல்மேர் அழகான ஊர்தான், ஆனால் எம்டிபிக்கு அங்கே வேலை குறைவு. மணல்மேட்டில் இரண்டேகால் அங்குல டயர் புதைந்துவிடும், இறங்கித் தள்ளத்தான் வேண்டும். மீதி எல்லாம் சமதளத் தார்ரோடு. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வெயில் தாங்கும். தீபாவளி லீவில்தான் போக முடியும் என்றால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிதிக்குத் தீபாவளி ஆகாது. அக்டோபர் கடைசியில், ஸ்பிதிக்கும் மணாலிக்கும் நடுவே உள்ள குன்சும் கணவாயில் எப்போது பனி விழுந்து ரோடு அடைபடும் என்று சொல்ல முடியாது, ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில் இரவில் குழாய்த் தண்ணீர் உறையத் தொடங்கிவிடும். செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை உள்ள காலம்தான் சரி. ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதிக்குள் மழை குறைவு என்றாலும், போகும் வழியில் கின்னௌர் மலைகளில் மண் சரிந்து நாள் கணக்கில் நிற்க நேரிடும்.

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை பிடித்துக்கொள்வதால்தான் காங்கேயம், தாராபுரம் பக்கம் மானாவாரிக் காடு காய்ந்து கிடக்கிறது. இமயத்தின் மழை மறைவில் உள்ள ஸ்பிதியிலும் அதுதான் நடக்கிறது, உயரம் மட்டும் வேறு: காசா சுமார் 3,650 மீட்டர், குன்சும் கணவாய் சுமார் 4,550 மீட்டர். மரமே இல்லாத மண்மலை, ஆற்றோரமாகப் பச்சைப் பட்டாணி வயல், அதற்கு நடுவே ரோடு. இந்தியர்களுக்கு இந்த வழியில் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம். சோதனைச் சாவடியில் காட்ட ஆதார் அசல் போதும்.

வழியைச் சிம்லா பக்கமாகப் போட்டு மணாலி பக்கமாகத் திரும்புங்கள். மணாலியிலிருந்து நேராகக் காசா போவது தூரம் குறைவு, காசும் மிச்சம். ஆனால் ஒரே நாளில் 2,000 மீட்டரிலிருந்து 4,500 மீட்டரைத் தாண்டி 3,650-இல் போய்ப் படுப்பீர்கள். தலைவலி, வாந்தி என்று இரண்டு நாள் அறையில் கிடந்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். சிம்லா வழியில் உடம்பு படிப்படியாகப் பழகும். ரெக்காங் பியோ சுமார் 2,290 மீட்டர், கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். அங்கிருந்து கல்பா 2,960, நாக்கோ 3,600-க்குக் கொஞ்சம் மேல், தாபோ 3,280, காசா 3,650. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் அளவு. கல்பாவிலிருந்து நாக்கோவுக்கு நடுவில் ஒரு இரவு தங்கினாலும் இந்த அளவு கொஞ்சம் மீறத்தான் செய்யும். அதனால்தான் அடுத்த நாள் தாபோவுக்கு இறங்கி, அங்கே ஒரு நாள் முழுக்க ஓய்வு போட்டிருக்கிறேன்.

நாள் கணக்கு இது. கிளம்பிய மூன்றாம் நாள் டெல்லி, அன்று இரவே சிம்லா பஸ். நான்காம் நாள் சிம்லாவிலிருந்து பஸ் மாறி ரெக்காங் பியோ. ஐந்தாம் நாள் சைக்கிளைப் பூட்டி, கல்பாவுக்கு மட்டும் ஏறிப் படுங்கள். ஆறு, ஏழில் நாக்கோ. பியோவிலிருந்து அது சுமார் 100 கிலோமீட்டர், கடைசியில் காப் என்ற இடத்தில் சட்லெஜும் ஸ்பிதி ஆறும் கூடும் பாலத்தைத் தாண்டியதும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே ஏற்றம். எட்டில் தாபோ, ஒன்பதில் ஓய்வு. 996-இல் கட்டிய மண்சுவர் மடாலயம் அங்கே இருக்கிறது, ஓய்வு நாள் வீண் போகாது. பத்தில் காசா, 47 கிலோமீட்டர். பதினொன்று ஓய்வு. பன்னிரண்டில் கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம். பதின்மூன்றில் லாங்சா, ஹிக்கிம், கோமிக். பதினான்கு, பதினைந்து இரண்டும் அவகாச நாட்கள். பதினாறில் காசாவிலிருந்து விடியுமுன் கிளம்பும் அரசு பஸ்ஸில் மணாலி, பதினேழு இரவு டெல்லி பஸ், பதினெட்டில் ரயில், இருபதாம் நாள் ஊர்.

இருபது நாள் விடுப்பு கிடைக்காது என்பவர்கள் வெட்ட நினைப்பது அந்தப் பதினான்கையும் பதினைந்தையும்தான். அதை மட்டும் செய்யாதீர்கள். நாக்கோ பக்கத்தில் மாலிங் ஓடை என்ற சரிவு இருக்கிறது. மலையே பொடிக்கல்லாக நிற்கும் இடம், சரிந்தால் ஜேசிபி வந்து வழி எடுக்கும்வரை யாரும் அசைய முடியாது. அங்கே ஒரு நாள், உடம்பு சரியில்லை என்று ஒரு நாள், இப்படித்தான் போகும். அவகாசம் இல்லாத குழு, அந்த நாளைப் பிடிக்க ஓய்வு நாளை விழுங்கும், பிறகு காசாவில் ஆள் சாயும், கடைசியில் ரயிலைப் பிடிக்கத் தனி வண்டி எடுக்கும். காசாவிலிருந்து மணாலிக்கு வண்டியைத் தனியாகப் பிடித்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். அவகாச நாள் ஒன்றுக்கு ஆளுக்கு ஆகும் செலவு 1,200 ரூபாய்தான். நாள் குறைய வேண்டுமென்றால், திரும்பும்போது டெல்லியிலிருந்து கோவைக்கு விமானத்தில் வந்து, சைக்கிளை மட்டும் ரயில் பார்சலில் அனுப்புங்கள். இரண்டு நாள் மிச்சமாகும், செலவு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை கூடும்.

இனிப் பணம். நான் சொல்லும் தொகைகள் ஒதுக்கீடுகள். டிக்கெட் போடும் நாளில் நூறு, இருநூறு ஏறும், இறங்கும்.

ரயிலில் மூன்றாம் ஏசி போகவர 5,500. முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், அன்று காலையிலேயே போட்டுவிடுங்கள். போகும்போது கொங்கு எக்ஸ்பிரஸில் போவது நல்லது. வாரம் ஒரு நாள்தான் என்றாலும் கோவையில் புறப்பட்டு ஹஸ்ரத் நிஜாமுதீனில் முடியும் வண்டி. புறப்படும் நிலையத்தில் சைக்கிளை ஏற்ற நேரம் கிடைக்கும், முடியும் நிலையத்தில் இறக்காமல் விட வழியில்லை. சைக்கிளை ரயிலில் கொண்டுபோகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். வழியில் நிற்கும் நிலையங்களில் வண்டி சில நிமிடமே நிற்கும். திருப்பூரில் பார்சல் பக்கம் பனியன் பேல் மலையாகக் குவிந்திருக்கும்போது, உங்கள் நான்கு சைக்கிள் அந்த வண்டியில் ஏறும் என்று நம்பி நிற்க வேண்டாம். சைக்கிளைக் கோவைக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள். திரும்பும்போது தேதியில் இழுபறி இருக்கும் என்பதால் தினமும் ஓடும் கேரளா எக்ஸ்பிரஸ் வசதி. திரும்பும் டிக்கெட்டை அவகாச நாட்களையும் சேர்த்தே போடுங்கள். முன்னதாகவே முடிந்தால் மணாலியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம், அதற்குப் பெரிய செலவில்லை. தட்கலை நம்பி நான்கு பேர் டெல்லியில் நிற்பதுதான் செலவு.

சைக்கிளுக்கு ரயில் கட்டணம், கட்டும் சாமான், சுமைக்கூலி எல்லாம் சேர்த்துப் போகவர 2,400. பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமானுக்கு அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 தடிப்பு. சைக்கிள் அதற்குள் வராது, லக்கேஜ் வேனில்தான் போக வேண்டும். பயண டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்தால் உங்கள் வண்டியிலேயே ஏற்றக் கேட்க உரிமை உண்டு. வெறும் பார்சலாகப் போட்டால் காசு குறையும், எந்த வண்டியில் போகும் என்பது அவர்கள் கையில். பார்சலாக அனுப்புவதென்றால் நான்கைந்து நாள் முன்பே அனுப்ப வேண்டும், முன்பே போய்ச் சேர்ந்து எடுக்க ஆளில்லாமல் கிடந்தால் அதற்குத் தனிக் கட்டணம் ஏறும். போகும்போது லக்கேஜ், வரும்போது பார்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் நிறையச் சைக்கிள் கெடுகிறது. முதலில் பெடல். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை மறந்து முறுக்கினால் பெடல் மாட்டும் கிராங்க் கெட்டுப்போகும். அடுத்து, செயினைப் பல் மாற்றிப் போடும் பின் டீரெயிலரை, அதை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கரிலிருந்து 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் கழற்றி, துணியில் சுற்றி, ஃப்ரேமின் பின் முக்கோணத்துக்குள் கட்டுங்கள். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து மேலே ஒரு பேல் விழுந்தால் முதலில் வளைவது இந்த ஹேங்கர்தான். முன்சக்கரத்தைக் கழற்றியதும் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கு நடுவே சரியாக 100 மில்லிமீட்டர் மரத்துண்டு ஒன்றை இறுக்குங்கள், குவிக் ரிலீஸ் ஃபோர்க் என்றால் அந்த அளவு. ஹைட்ராலிக் பிரேக் என்றால் பேட் இரண்டுக்கும் நடுவே மடித்த அட்டை வைக்காமல் விடாதீர்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். கழற்றிய சக்கரத்தை, ரோட்டர் (பிரேக் பிடிக்கும் வட்டத்தகடு) உள்பக்கமாக இருக்க, நடுவில் தடித்த துணி கொடுத்து ஃப்ரேமோடு கட்டுங்கள். சுற்றுவதற்கு வெளியே காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கிலோக் கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் துணியைவிட நல்ல மெத்தை கிடையாது. ஃப்ரேம் முழுக்க இரண்டு சுற்று, அதன்மேல் சாக்கு, சணல் தையல். காகித லேபிள் கிழிந்துபோகும். சாக்கின் மேலேயே பெயர், போன் எண், பிஎன்ஆர், எங்கிருந்து எங்கே என்பதை அழியாத மையால் இரண்டு பக்கமும் எழுதுங்கள். ரசீதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போனால் என்ன என்று கேட்பீர்கள். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோதான் இலவசம். சைக்கிள் 14 கிலோ, பெட்டி நான்கைந்து கிலோ, துணிமணி எட்டு கிலோ. கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 500 ரூபாய்க்கு மேல் வாங்குவார்கள். ஒரு வழிக்கே ஆறாயிரத்துக்கு மேல், டிக்கெட் தனி. வாடகைச் சைக்கிளும் கட்டாது. வாடகை நாள் கணக்கில், ஓய்வு நாளுக்கும் அவகாச நாளுக்கும் சேர்த்தே ஓடும். ஒரு நாளைக்கு ஆயிரம் என்றாலே பன்னிரண்டு நாளுக்குப் பன்னிரண்டாயிரம். சொந்தச் சைக்கிளுக்குப் போடும் டயரும் செயினும் திரும்பி வந்தபிறகும் உங்களோடு இருக்கும்.

பஸ்: டெல்லியிலிருந்து பியோ வரை சைக்கிளோடு 2,200. காசாவிலிருந்து மணாலி, அங்கிருந்து டெல்லி 2,800. இமாச்சல அரசு பஸ்ஸில் சைக்கிளைக் கூரையில் போடுவார்கள், அதற்குத் தனி டிக்கெட் உண்டு. நீங்களே ஏறிக் கட்டுங்கள். கயிறு உங்களுடையதாக இருக்கட்டும், டீரெயிலர் மேல்பக்கம் பார்த்திருக்கட்டும். காசா-மணாலி பஸ்ஸுக்கு முந்தின நாளே நிலையத்தில் போய் இடம் கேட்டு வையுங்கள். நான்கு சைக்கிள் ஒரே பஸ்ஸில் ஏறாது என்று சொன்னால் இரண்டு இரண்டாகப் பிரிந்து வர மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். குன்சும் கணவாயை ஓட்டித்தான் கடக்க வேண்டும் என்றால் அவகாச நாள் மிச்சமிருந்தால் மட்டும்: காசாவிலிருந்து லோசர் 57 கிலோமீட்டர், மறுநாள் கணவாய் ஏறி பாட்டல் இறங்கலாம். பாட்டலுக்குப் பிறகு ரோடு என்பது ஆற்றுக் கல்தான், குறுக்கே பனி உருகி ஓடும் ஓடைகள். காலையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வெயில் ஏறிய பிறகு சைக்கிளை இழுத்துப்போகும். மதியத்துக்கு முன் கடக்க முடியாவிட்டால் அன்றைக்கு நின்றுவிடுங்கள்.

தங்க 13 இரவு, சராசரி 900 ரூபாய், மொத்தம் 11,700. இருவருக்கு ஒரு அறை, இரவுச் சாப்பாடும் காலைப் பலகாரமும் சேர்த்துக் கிராமத்து வீடுகளில் கிடைக்கும் கணக்கு இது. கூடாரம், அடுப்பு கொண்டுபோய் மிச்சம் பிடிக்கும் யோசனை வேண்டாம். காசா உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசியோ பருப்போ சரியாக வேகாது. கேஸ் குப்பியை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகவும் கூடாது. மதியச் சாப்பாடு, டீ, இடைத்தீனி நாளைக்கு 300 வீதம் 3,900, ரயிலிலும் பஸ்ஸிலும் 1,600, ஆகச் சாப்பாட்டுக்கு 5,500. ஆளுக்கு ஒரு கிலோ கடலை மிட்டாய், அரைக்கிலோ நாட்டுச்சர்க்கரை, பருப்புப்பொடி ஒரு பாக்கெட் இங்கிருந்தே எடுத்துப்போங்கள். ஏற்றத்தில் பசி தெரியாது, தலை கிறுகிறுக்கும்போதுதான் சாப்பிடவில்லை என்பது தெரியும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு துண்டு வாயில் போடுங்கள். தண்ணீர் நாளைக்கு நான்கு லிட்டர். தங்கும் வீட்டில் கொதிக்க வைத்ததை நிரப்பிக்கொண்டால் பாட்டில் தண்ணீர்க் காசும் மிச்சம், அந்த மண்ணில் பிளாஸ்டிக்கும் சேராது.

சைக்கிளுக்கு ஆளுக்கு 5,000, பொதுச் சாமானுக்கு ஆளுக்கு 1,000, மொத்தம் 6,000. இதில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். முதல் சாமான் டீரெயிலர் ஹேங்கர். இது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேறு வேறு வடிவம், மணாலியிலும் காசாவிலும் உங்களுடையது கிடைக்காது. ஆளுக்கு ஒன்று, விலை 300 முதல் 600. ஹேங்கர் இல்லாமல் போனால் செயினை வெட்டி ஒரே கியரில்தான் வர வேண்டும், அந்த ஏற்றத்தில் அது தள்ளுவதற்குச் சமம். அடுத்தது பிரேக் பேட், ஆளுக்கு இரண்டு ஜோடி. கோமிக் சுமார் 4,590 மீட்டர், அங்கிருந்து காசாவுக்கு 900 மீட்டருக்கு மேல் இறக்கம், பெரும்பகுதி தூசும் சரளையும். புதுசாகப் போட்ட ரெசின் (பிசின் கலவை) பேட் தூசு படிந்து வேகமாகத் தேயும். சின்டர்டு (உலோகத் தூள்) பேட் அதிக நாள் வரும், ஆனால் வாங்குமுன் உங்கள் ரோட்டரைப் பாருங்கள். குறைந்த விலை ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும். அதில் சின்டர்டு போட்டால் ரோட்டரே தேய்ந்துவிடும். பேட்டில் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் மாற்றிவிட வேண்டும்.

பிறகு கியர். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் இருந்தால் 29 அங்குலச் சக்கரம் ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்குச் சுமார் 5.4 கிலோமீட்டர். நாக்கோ ஏற்றத்தில் உங்கள் வேகம் அதுதான், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். முன்னால் ஒரே செயின்ரிங் 32 பல் என்றால் பின்னால் 42 பல்லாவது இருக்கட்டும். செயின் தேய்ந்திருந்தால் கிளம்ப ஒரு மாதம் முன்பே மாற்றி இங்கேயே ஓட்டிப் பழக்குங்கள். தேய்ந்த கேசட்டில் (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்தில்) புதுச் செயின் வழுக்கும், அது அங்கே போய்த் தெரியக் கூடாது. செயின் இணைப்பு 8 ஸ்பீடுக்கும் 9 ஸ்பீடுக்கும் வேறு, அதனால் உங்கள் அளவில் இரண்டு வேண்டும். ட்யூப் ஆளுக்கு இரண்டு. நம்ம பக்கம் பஞ்சர் என்றால் நெருஞ்சி முள்ளும் வேலிக்கருவை முள்ளும். அங்கே முள்ளைவிடக் கல் விளிம்பில் ட்யூப் நசுங்கி இரட்டைக் கீறல் விழுவதுதான் அதிகம், காற்று குறைவாக வைத்தால் கட்டாயம் விழும். எழுபது கிலோ ஆளுக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சாமானில் பம்ப் இரண்டு, செயின் கட்டர், ஆலன் கீ செட், ஸ்போக் கீ, நான்கு ஸ்போக், கியர் வயர், பிரேக் வயர், டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு, ஜிப் டை, செயின் ஆயில். தூசு ஊர் என்பதால் ஆயிலைக் குறைவாக விட்டுத் துடைத்துவிடுங்கள்.

துணிக்கு 3,500 போட்டிருக்கிறேன், திருப்பூர்க்காரர்களுக்கு இது அதிகம்தான். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் ஃபிளீஸ், தெர்மல் எல்லாம் தேடினால் பாதி விலைக்குக் கிடைக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள். உடம்பை ஒட்டிப் போடும் துணி பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், இறக்கத்தில் காற்று பட்டதும் குளிர் எலும்புக்குள் போகும். லேபிளில் பாலியெஸ்டர் அல்லது கம்பளி என்று பார்த்து எடுங்கள். காற்று புகாத மேல்சட்டை ஒன்று, முழுக் கையுறை, காதை மூடும் குல்லாய், கண்ணாடி, வெயிலுக்கு முகக் களிம்பு, உதட்டுக்கு வாஸ்லின். சைக்கிளோடு கட்டும் மூட்டை ஆறேழு கிலோவுக்குள் இருக்கட்டும்.

மருத்துவச் சோதனை, மருந்து, பயணக் காப்பீடு எல்லாம் சேர்த்து 2,000. காப்பீடு எடுக்குமுன் சைக்கிள் ஓட்டுவதும் 4,500 மீட்டர் உயரமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். உயர நோய்க்கு அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும், சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறவர்களுக்கு ஆகாமல் போகலாம். ஆஸ்துமா, ரத்தக்கொதிப்பு இருந்தால் மறைக்காமல் மற்ற மூவருக்கும் சொல்லிவிடுங்கள். தலைவலியோடு நடை தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த ஆளை அன்றைக்கே கீழே இறக்க வேண்டும். ஆளுக்கு ஐயாயிரம், நால்வருக்கும் இருபதாயிரம் என்று ஒதுக்கியது இதற்குத்தான்.

கூட்டினால் 41,600 வரும். 35,000-தான் கையில் என்றால் மூன்றாம் ஏசிக்குப் பதில் ஸ்லீப்பரில் போங்கள், 3,500 குறையும். துணியைக் கடன் வாங்கியும் காதர்பேட்டையிலும் முடித்தால் இன்னொரு 1,800. சுமார் 36,300-க்கு வந்துவிடும். அதற்குக் கீழே இறக்க வேண்டுமானால் ஓய்வு நாளிலோ பேட்டிலோ கைவைக்க வேண்டியிருக்கும், அப்படியென்றால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். ஜனவரியில் நால்வரும் மாதம் 5,000 வீதம் ஒரு சீட்டுபோலத் தனிக் கணக்கில் போட ஆரம்பித்தால், செப்டம்பரில் ஆளுக்கு 45,000 நிற்கும். கடன் செயலியில் வாங்கிக்கொண்டு மட்டும் கிளம்பாதீர்கள்.

வழியில் கணக்கு ஒருவர் கையில் இருக்கட்டும். டெல்லியில் இறங்கியதும் ஆளுக்குப் பதினைந்தாயிரம் பொதுப்பையில் போட்டு, பொழுதோட அறைக்கு வந்ததும் அன்றைய செலவை நோட்டில் எழுதிவிடுங்கள். பியோவுக்கு அப்புறம் யுபிஐயை நம்ப முடியாது, காசா ஏடிஎம்மில் பணம் இல்லாமலும் போகும். ஸ்பிதிக்குள் ஆகும் செலவு முழுவதையும் பியோவிலேயே நோட்டாக எடுத்து, இரண்டு பேர் பையில் பிரித்து வையுங்கள்.

பயிற்சிக்குத் தனிச் செலவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் ஏற்றம். மூட்டை கட்டி, சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஏற முடிந்தால் கால் தயார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் நல்ல பயிற்சி. உயரத்துக்கு உடம்பைப் பழக்க மட்டும் இங்கே வழியில்லை, அது கல்பாவிலும் தாபோவிலும் தங்குவதில்தான் வரும். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது பிரேக்கையும் சோதியுங்கள். இறங்குமுன் பேட் தடிப்பை அளந்து, மேட்டுப்பாளையம் வந்ததும் திரும்ப அளந்தால் உங்கள் பேட் எத்தனை இறக்கம் தாங்கும் என்பது கையில் கிடைத்துவிடும். லீவர் கைப்பிடிவரை போய் முட்டினால் ஹைட்ராலிக்கில் காற்று புகுந்திருக்கிறது, இங்கேயே பிளீட் பண்ணி அந்தக் காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

அங்கே காலை ஆறரைக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் ஓட்டத்தை முடியுங்கள். பிற்பகலில் பள்ளத்தாக்கில் எழும் காற்று நம்ம ஆடிக்காற்றை நினைவுபடுத்தும், மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். திரும்பி வந்ததும் கோவை பார்சல் அலுவலகத்தில் ரசீது, அடையாள அட்டை இரண்டையும் காட்டிச் சைக்கிளை எடுக்கும்போது, கையெழுத்துப் போடுமுன் சாக்கைப் பிரித்து ஹேங்கரையும் ரோட்டரையும் பார்த்துவிடுங்கள். சேதம் இருந்தால் அங்கேயே எழுதி வாங்க வேண்டும், வெளியே கொண்டுவந்த பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.